நகரச் சட்டமும் நிலத்தின் உரிமையும்

நகர நிர்மாணம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு வரைபடமே. நேரான வீதிகள், நடுவே ஒரு பூங்கா, கடைத்தெருவுக்கு ஓரிடம், பள்ளிக்கூடத்துக்கு ஓரிடம் என்று வண்ணமிட்டுக் காட்டும் அந்தப் படத்தை வரைந்தவரின் சாமர்த்தியத்தைப் புகழ்கிறோம். நகரம் பின்னாளில் சீர்கெட்டுப்போனால் அவரையே பழிக்கவும் செய்கிறோம். ஆனால் கடந்த இரு நூற்றாண்டுகளில் பல தேசத்தார் தங்கள் நகரங்களைச் சீர்படுத்த மேற்கொண்ட பிரயத்தனங்களின் சரித்திரத்தைப் பொறுமையோடு படித்துப் பார்ப்பவருக்கு, படம் வரைவது அந்தக் காரியத்தில் எளிய பாகம் என்பதும், அந்தப் படம் யாருடைய மண்ணின்மேல் விழுகிறதோ அவருக்கும் சர்க்காருக்கும் அண்டை அயலாருக்கும் இடையே எழும் உரிமை விவகாரத்தை நியாயமாகத் தீர்த்து வைப்பதே கடினமான பாகம் என்பதும் விளங்காமற்போகாது.

ஒரு புன்செய் வெளியின் நடுவே நாற்பதடி அகலத்தில் ஒரு சாலை போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலை எவருடைய நிலத்தின்மேல் செல்கிறதோ அவர் அந்த அளவுக்கு மண்ணை இழக்கிறார். அவருக்கு அடுத்த நிலக்காரரோ, ஒரு பிடி மண்ணும் இழக்காமல், ஒரு காசும் செலவிடாமல், நேற்றுவரை ஏக்கர் கணக்கில் விலைபோன பூமியை இன்று மனைக் கணக்கில் விற்கும் பாக்கியத்தை அடைந்துவிடுகிறார். இழந்தவருக்கு ஈடு செய்யவேண்டியவர் யார்? உழைக்காமல் வந்த லாபம் யாரைச் சேரவேண்டும்? ஒவ்வொரு தேசத்தின் நகரச் சட்டத்தையும் துருவிப் பார்த்தால், இவ்விரு வினாக்களுக்கும் அத்தேசத்தார் கண்ட விடையே அதன் உயிர்நிலையாக இருக்கக் காண்கிறோம்.

இந்த விவகாரம் மிக எளிதாகத் தீர்ந்த இடங்கள் கோட்டை மதில்கள் இருந்த நகரங்களே. மதிலும் அகழியும் சர்க்காரின் சொத்து. அவற்றை அகற்றினால் தனி மனிதர் எவரும் நஷ்டமடைவதில்லை. 1857ஆம் ஆண்டு ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் வியன்னாவின் மதிலை இடிக்க உத்தரவிட்டு, வெளிப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை மனைகளாக விற்று, அந்தப் பணத்தையே நிதியாகக் கொண்டு, இன்று உலகம் வியக்கும் வட்டப் பெருவீதியையும் அதன் பொதுக் கட்டடங்களையும் எழுப்பினார் என்பதைச் சரித்திராசிரியர்கள் விரிவாகப் பேசுகிறார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னமே நம்முடைய மதுரையில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், சிதிலமாகிக் கிடந்த கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தையே வீட்டுமனையாகக் கொடுப்பதாக அறிவித்து, கஜானாவுக்குப் பெரும் செலவு வைக்காமல் ஒரு நகரத்தை விரித்துக் காட்டினார் என்பதை அவ்வளவு பேர் அறியார். அந்த வேலையில் துணை நின்ற இருவரின் பெயர்களை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் தாங்கி நிற்கின்றன. ஊரார் கலெக்டருக்கு நன்றியாக நிறுத்திய விளக்குத்தூண் இன்றும் ஒரு வட்டாரத்துக்கே பெயராக விளங்குகிறது. வியன்னாவில் நிலம் பணமாக மாறி வீதியாயிற்று. மதுரையில் நிலமே கூலியாக நின்று வீதியைப் போட்டது. இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே: சீர்திருத்தத்தால் உயர்ந்த நிலத்தின் மதிப்பே சீர்திருத்தத்தின் செலவை ஏற்றுக்கொண்டது.

மதில் இல்லாத இடத்தில், மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தெருக்களின் ஊடே புதுவழி காண வேண்டியிருந்தபோதுதான் சங்கடம் தொடங்கிற்று. அதற்குப் பிரான்ஸ் தேசம் கண்ட விடை பலவந்தமாக வாங்குவது. 1853ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியனால் ஸேன் மாகாணத்தின் அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஹௌஸ்மன், பாரிஸ் மாநகரின் பழைய சந்துகளைப் பிளந்துகொண்டு நேர்வீதிகளை ஓட்டினார். 1852ஆம் ஆண்டின் ஆணையொன்று, வீதிக்கு வேண்டிய பட்டையை மட்டுமன்றி, அதன் இருமருங்கிலும் மிஞ்சும் துண்டு நிலங்களையும் நகரசபை எடுத்துக்கொள்ள இடமளித்திருந்தது. வீதி முடிந்தபின் அவற்றை உயர்ந்த விலைக்கு விற்றால் செலவில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பது கணக்கு. ஆனால் நஷ்டஈட்டை நிர்ணயித்த ஜூரிகளில் அமர்ந்தவர்கள் சொத்துக்காரர்களே. அவர்கள் தங்கள் வகுப்பாருக்குத் தாராளமாகவே அளந்தார்கள். 1858ஆம் ஆண்டு இறுதியில் வந்த மற்றோர் ஆணை, வீதிக்கு வேண்டாத மிகுதி நிலத்தைப் பழைய சொந்தக்காரர் மீட்டுக்கொள்ள வழிசெய்தபோது, லாபத்தின் வாயில் அடைபட்டு நஷ்டத்தின் வாயில் மட்டும் திறந்து நின்றது. சுமார் 250 கோடி பிராங்க் செலவாயிற்று. ஜூல்ஸ் பெர்ரி என்ற இளம் வழக்கறிஞர் அந்தக் கணக்குகளைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் தேசத்தையே கலக்கின. 1870 ஜனவரியில் ஹௌஸ்மன் பதவியிழந்தார். அழகிய நகரம் மிஞ்சியது மெய்தான். ஆனால் கடன் அடுத்த நூற்றாண்டு வரையிலும் நீண்டதோடு, இடிபட்ட வீடுகளில் வாடகைக்கு இருந்த ஏழைத் தொழிலாளிகள் நகரின் விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஜெர்மனியில் நடந்தது வேறு விதமானது. பெர்லின் நகரத்தின் விஸ்தரிப்புக்காக ஹோப்ரெக்ட் என்ற பொறியாளர் 1862ஆம் ஆண்டு தயாரித்த திட்டம் பெரிய பெரிய சதுக்கங்களை வகுத்துத் தெருக்கோடுகளை மட்டும் நிச்சயித்ததே தவிர, கோடுகளுக்கு உள்ளே சொந்தக்காரர் என்ன கட்டுகிறார் என்பதை அநேகமாகக் கேளாமல் விட்டது. உள்முற்றம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதற்கு அக்காலத்து விதி வைத்த அளவு, தீயணைப்பு வண்டி திரும்புவதற்குப் போதுமான, சுமார் 5.3 மீட்டர்ச் சதுரம். அந்த அளவையே எல்லையாகக் கொண்டு, முற்றத்துக்குப் பின் முற்றமாக ஐந்து மாடிக் குடியிருப்புகள் நெருக்கி எழுந்தன. வெளிச்சமும் காற்றும் புகாத அந்த வாடகை முகாம்களில் பெர்லின் தொழிலாளிகள் இரண்டு தலைமுறைகளைக் கழித்தார்கள். அதே காலத்தில் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவிலும் இதே பாடம் நிகழ்ந்தது. 1859ஆம் ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட தம் திட்டத்தில் இல்டிபோன்ஸ் செர்தா, 113 மீட்டர் அளவுள்ள சதுக்கங்களில் இரு பக்கங்களில் மட்டும் வீடு கட்டி நடுவில் தோட்டம் விடவேண்டும் என்று விதித்திருந்தார். வீதிகள் அவர் சொன்னபடி வந்தன, தோட்டங்களை மட்டும் மனைக்காரர்கள் விழுங்கிவிட்டார்கள். கோடு வரைந்தவரின் அதிகாரம் மனையின் வேலியோடு நின்றுபோனால் கதி என்ன ஆகும் என்பதற்கு இவ்விரு நகரங்களும் சாட்சி.

இந்தச் சிக்கலுக்கு மிக நேர்மையான விடை ஒன்றைக் கண்ட பெருமை, என் அபிப்பிராயத்தில், பிராங்க்பர்ட் நகரத்துக்கு உரியது. 1890ஆம் ஆண்டு முதல் 1912 வரை அந்நகரின் மேயராக இருந்த பிரான்ஸ் அடிக்கெஸ், நகரைச் சுற்றியிருந்த விளைநிலங்கள் எல்லாம் பாகப்பிரிவினைகளால் குறுகி, நாடாபோல் நீண்ட கீற்றுகளாகக் கிடந்ததைக் கண்டார். அவற்றின்மேல் எந்தத் தெருவைப் போட்டாலும் ஒருவருக்கு நிலம் முழுதும் போய்விடும். மற்றொருவருக்கு வீடு கட்ட உதவாத முக்கோணத் துண்டு மிஞ்சும். பிடிவாதக்காரர் ஒருவர் இசையாவிட்டாலும் வேலை முழுவதும் நின்றுவிடும். ஆகவே அவர் சொன்னார்: நிலங்கள் அனைத்தையும் முதலில் ஒன்றாகச் சேருங்கள், தெருவுக்கும் சதுக்கத்துக்கும் வேண்டியதைப் பொதுவிலிருந்து எடுத்துவிடுங்கள், மிச்சத்தை, ஒவ்வொருவரும் கொண்டுவந்து சேர்த்த விகிதத்திலேயே, சீரான மனைகளாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிதறிக் கிடந்த குடும்பச் சொத்தைச் சகோதரர்கள் மீண்டும் பொதுவாக்கி, வாய்க்காலுக்கும் வண்டிப்பாதைக்கும் ஒதுக்கியபின் புதிதாகப் பங்கு வைத்துக்கொள்வதை ஒத்தது இது. ஒவ்வொருவர் கையிலும் பரப்பு குறையும். ஆனால் குறைந்த பரப்பின் மதிப்பு முன்னிருந்த முழுப் பரப்பின் மதிப்பை விஞ்சும். இழப்பும் லாபமும் ஒரே தராசில் ஏறிவிடுவதால், நஷ்டஈட்டுக்காகக் கஜானாவைத் திறக்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் எழாது. 1890களில் பிரஷ்ய சட்டசபையின் முன் அவர் கொண்டுவந்த இந்த யோசனையைச் சொத்துரிமைக்கு விரோதம் என்று பலர் எதிர்த்தார்கள். பல ஆண்டு வாதத்தின்பின், 1902இல், பிராங்க்பர்ட் ஒரு நகரத்துக்கு மட்டும் பொருந்துமாறு அது சட்டமாயிற்று. பொதுக்காரியத்துக்காக மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே எடுத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது.

இங்கிலாந்து இந்த விஷயத்தில் ஜெர்மனியை வெகுநாள் உற்றுநோக்கிய பின்பே அடியெடுத்து வைத்தது. எபினேசர் ஹோவர்ட் 1898இல் வெளியிட்ட நூலில் ஓர் அரிய கருத்து இருந்தது: நகரம் வளர்வதற்கு முன்பே நிலத்தை விவசாய விலைக்கு வாங்கி, குடியேறியவர்களின் சமூகமே சொந்தக்காரராக இருந்துவிட்டால், உயரும் மதிப்பு எல்லாம் அந்தச் சமூகத்துக்கே சேரும். 1903இல் தொடங்கிய லெட்ச்வொர்த் தோட்ட நகரம் அக்கருத்தின் பிரத்தியட்ச உருவம். அரசாங்கமோ 1909ஆம் ஆண்டில்தான் நகரத் திட்டச் சட்டம் ஒன்றை இயற்றி, திட்டத்தால் உயரும் நில மதிப்பில் பாதியை ஸ்தல ஸ்தாபனம் வசூலிக்கலாம் என்றது. எழுத்தில் இருந்த அந்த உரிமை கையில் பணமாக வந்தது மிகச் சொற்பம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் 1947ஆம் ஆண்டில் தொழிற்கட்சி அரசாங்கம் இயற்றிய சட்டம்தான் உலகில் எந்த ஜனநாயக நாடும் செய்யத் துணியாததைச் செய்தது. நிலம் தனியாரிடமே இருக்கட்டும், ஆனால் அதைக் கட்டடமாக மாற்றும் உரிமை இனிமேல் தேசத்துக்கு உரியது என்று அது பிரகடனம் செய்தது. அந்த உரிமையை இழந்தவர்களுக்கென்று 30 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது; அனுமதி பெற்றுக் கட்டுபவர், அதனால் தம் நிலத்துக்கு ஏறும் மதிப்பு முழுவதையும் கட்டணமாகச் செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது. விளைவு, நிலத்தை விற்க எவருக்கும் ஆர்வமில்லாமற் போயிற்று. சில ஆண்டுகளுக்குள் அடுத்து வந்த கன்சர்வேடிவ் அரசாங்கம் கட்டணத்தை ரத்துச் செய்துவிட்டது. அனுமதி வாங்கவேண்டும் என்ற விதி மட்டும் நிலைத்தது. லாபத்தில் ஒரு பங்கும் விடாமல் எடுத்தால் மனிதர் முயற்சி முடங்கும், ஒரு பங்கும் எடுக்காவிட்டால் நியாயம் முடங்கும் என்பதை இங்கிலாந்து தன் அநுபவத்தால் நிரூபித்தது.

அமெரிக்கர்களுக்கோ சர்க்கார் தனியார் நிலத்தில் கைவைப்பதே பிடிக்காத காரியம். ஆகையால் அவர்கள் நஷ்டஈடும் கொடுக்காமல், லாபத்தில் பங்கும் கேளாமல், பொது க்ஷேமத்துக்காகத் தனி மனிதரைக் கட்டுப்படுத்தும் சாதாரணப் போலீஸ் அதிகாரத்தையே நகர நிர்மாணத்துக்கு ஆதாரமாக்கினார்கள். 1915இல் நியூயார்க்கில் வானளாவ எழுந்த ஈக்விடபிள் கட்டடம் தன் நிழலால் அண்டைத் தெருக்களை இருளில் ஆழ்த்தியது. மறு ஆண்டே அந்நகரம், எந்த வட்டாரத்தில் எந்த உபயோகம், எவ்வளவு உயரம் என்று வகுக்கும் மண்டல விதியை இயற்றிற்று. ஒஹையோ மாகாணத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் செய்த இத்தகைய விதியால் தன் நிலத்தின் மதிப்புப் பெரிதும் குறைந்ததாக ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி தொடுத்த வழக்கில், 1926ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஊராரின் பக்கம் தீர்ப்பளித்தது. பகல் வெளிச்சத்தையும் தொழிற்சாலைப் புகையையும் பற்றிய நியாயமாகத் தொடங்கிய இந்த முறை, காலக்கிரமத்தில், தனி வீடுகள் உள்ள வட்டாரத்தில் வாடகைக் குடியிருப்பே கூடாது என்று விலக்கும் கருவியாகிவிட்டது. வீடுகளை இனவாரியாகப் பிரிக்கும் விதிகளை அதே நீதிமன்றம் 1917இல் செல்லாதென்று தள்ளியிருந்தும், மனையின் குறைந்தபட்ச அளவை உயர்த்தி வைப்பதன் மூலம், ஏழைகளும் கறுப்பின மக்களும் நுழைய முடியாத ஊர்களை அங்கே சட்டபூர்வமாகவே உருவாக்க முடிந்தது. சர்க்கார் எதையும் எடுக்காத சட்டமும் எளியவரிடமிருந்து எவ்வளவோ எடுத்துவிட முடியும் என்பதற்கு இதுவே உதாரணம்.

பிராங்க்பர்ட்டில் பிறந்த கருத்து முழு வளர்ச்சி கண்டது கிழக்கே, ஜப்பானில். அங்கே 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியானவர்கள் தங்கள் நெல்வயல்களைச் சேர்த்துச் சீர்படுத்திப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. 1919ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டம் அந்த வயற்காட்டு முறையை நகரத்துக்கும் எடுத்துக்கொண்டது. 1923 செப்டம்பர் முதல் தேதி பூகம்பமும் தீயும் தோக்கியோ நகரத்தின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. உள்நாட்டு மந்திரியாகப் பொறுப்பேற்ற கோத்தோ ஷிம்பெய் பிரம்மாண்டமான புனர்நிர்மாணத் திட்டம் ஒன்றைத் தீட்டினார். பார்லிமெண்ட் அதன் பணத்தை வெகுவாக வெட்டிவிட்டது. பணமில்லாத அந்த நிலையில் கை கொடுத்தது நிலச்சேர்க்கை முறையே. எரிந்துபோன 3,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில், ஒவ்வொரு சொந்தக்காரரும் பத்தில் ஒரு பங்கை ஈடின்றி விட்டுக்கொடுக்க, கோணல் சந்துகள் மறைந்து அகன்ற வீதிகளும் பூங்காக்களும் சில ஆண்டுகளில் எழுந்தன. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கூட்டங்கள் கூடி வாதாடினார்கள். ஆனாலும் வீதி வந்தபின் அவ்வீதியின் ஓரத்திலேயே தங்களுக்கு மனை இருந்தமையால், நகரம் தங்கள் தியாகத்தால் ஆனது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஜப்பானிய அதிகாரிகள் இந்த முறையை நகர நிர்மாணத்தின் தாய் என்று வழங்கியதில் வியப்பில்லை.

இந்தியாவுக்குப் பாரிஸ் வழியும் பிராங்க்பர்ட் வழியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. 1896ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோய்க்குப்பின் பம்பாயில் 1898இல் ஸ்தாபிக்கப்பட்ட அபிவிருத்தி டிரஸ்ட், பாரிஸ் வழியைப் பின்பற்றி, நெருங்கிய பேட்டைகளை வாங்கி இடித்து வீதி போட்டது. இடிபட்ட குடிகள் அடுத்த பேட்டையில் போய் நெருங்கினார்கள். 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டச் சட்டமோ பிராங்க்பர்ட் வழியைத் தழுவியது. மூல மனைகளைச் சேர்த்து இறுதி மனைகளாகத் திருப்பித் தரவும், உயர்ந்த மதிப்பில் பாதிவரை வசூலித்து வீதிச் செலவுக்குச் செலுத்தவும் அது வகைசெய்தது. அந்த விதையிலிருந்து வளர்ந்த முறையைக் குஜராத் இன்றளவும் கைவிடவில்லை. ஆமதாபாத்தின் விரிவு பெரும்பாலும் அதன் வழியே நடந்தது. 2001ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் தகர்ந்த பூஜ் நகரமும் அதே சட்டவழியால் மீண்டும் வகுக்கப்பட்டது.

நம் சென்னை மாகாணத்துக்கு அந்நாளில் வேறொரு பாக்கியமும் வாய்த்தது. கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் இங்கு வந்த பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் காட்டவிருந்த நகரப் பொருட்காட்சியின் படங்களை எல்லாம் ஏற்றிவந்த கப்பலை, சென்னையின்மேல் குண்டு வீசிய அதே எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் உதவியால் அவர் மறுபடியும் படங்களைத் திரட்டி, அடுத்த ஆண்டில் சென்னையில் பொருட்காட்சியை நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் தெருக்களைத் தாமே நடந்து பார்த்து அவர் எழுதிய அறிக்கைகளில், குடியிருப்புகளைக் கூறுபோடும் நேர்வீதிகளைக் கண்டித்து, சிதிலமான ஒரு சில வீடுகளை மட்டும் நீக்கி, அங்கங்கே மரநிழலும் திறந்த வெளியும் உண்டாக்கி, மற்றவற்றைக் காப்பாற்றும் மிருதுவான சிகிச்சையை உபதேசித்தார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் அதிகாரிகளிடம், மீனும் வாத்தும் விட்டால் கொசு அழியும், குளமோ வெப்பத்தைத் தணித்து வெள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும் என்று எடுத்துரைத்தார்.

1920ஆம் ஆண்டில் சென்னை நகரத் திட்டச் சட்டம் பிறந்தது. அதே பத்தாண்டில் மாம்பலத்தில் தியாகராய நகரம் எழுந்தது. பனகல் பூங்காவிலிருந்து கதிர்கள்போல் விரியும் அதன் வீதிகளின் அழகு எவரும் ஒப்புக்கொள்ளக்கூடியதே. ஆனால் அது எழுந்தது மயிலாப்பூர்ப் பக்கமிருந்து நீண்டு கிடந்த பெரிய ஏரியின் படுகையில். கெட்டிஸ் எச்சரித்துச் சென்று பத்தாண்டு முடிவதற்குள், நிலத்தைப் பங்கிடும் கணக்கில் நீருக்குப் பங்கு இல்லாமற்போயிற்று.

நிலத்தைப் பொதுவாக்கி மீண்டும் பங்கிடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சை, செங்கற்பட்டுச் சீமைகளில் பசுங்கரை முறை நிலவிய மிராசு கிராமங்களில், நன்செய் முழுவதும் ஊருக்குப் பொதுவாக இருக்க, பங்குதாரர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை கரையீடு செய்து தங்களுக்குள் நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். மேட்டு நிலமும் பள்ள நிலமும் ஒருவர் தலையிலேயே நிலைத்துவிடாமல் இருக்க முன்னோர் கண்ட உபாயம் அது. அதன் நீதியைப் போற்றும்போதே அதன் அநீதியையும் மறவாதிருக்கவேண்டும். பங்கு மிராசுதாரருக்கு மட்டுமே. சேற்றில் இறங்கி உழுத பண்ணையாளுக்கும் அடியாளுக்கும் அதில் ஒரு குழி நிலமும் இல்லை. பிராங்க்பர்ட் முறைக்கும் இதே குறை உண்டு. பத்திரம் வைத்திருப்பவர்களுக்கிடையே அது நீதியாக அளக்கிறது. பத்திரமில்லாத வாடகைக் குடிகளும், புறம்போக்கில் குடிசையிட்டு நகரத்தின் வேலைகளை எல்லாம் செய்பவர்களும், ஏரியும் கால்வாயும் அந்த அளவைக்குள் வருவதேயில்லை.

பிற தேசங்களின் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதன் பிரயோஜனம், அவற்றில் ஒன்றைப் பெயர்த்தெடுத்து இங்கே நடுவதில் இல்லை. பலவந்தமாக வாங்கிய நகரம் கடனில் ஆழ்ந்தது. கோடு மட்டும் போட்ட நகரம் இருளில் ஆழ்ந்தது. முழு லாபத்தையும் கேட்ட தேசம் கைவிட நேர்ந்தது. எதையும் கேளாத தேசம் வேலிகளை வளர்த்தது. சேர்த்துப் பங்கிட்ட நகரங்களே தங்கள் குடிகளின் சம்மதத்தோடு ஓரளவேனும் வளர்ந்தன. ஆகவே நம்முடைய நகரங்களின் ஓரத்தில் ஒவ்வொரு நாளும் வயல்கள் மனைகளாகும் இக்காலத்தில், அந்தப் பங்கீட்டு முறையை நாம் முழுமனத்தோடு கைக்கொள்ளவேண்டும்; கைக்கொள்ளும்போது, பொதுவில் எடுக்கும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து, தெருவுக்கு ஒதுக்குமுன்னரே நீர்வழிக்கும், மனைக்காரருக்கு அளக்குமுன்னரே அந்த மண்ணில் குடியிருக்கும் ஏழைக்கும் உரிய பாகத்தைச் சட்டத்தின் எழுத்திலேயே நிச்சயித்துவிடவேண்டும். அடிக்கெஸ் தம் காலத்துப் பிரஷ்யப் பிரபுக்களிடம் பல ஆண்டு வாதாடிப் பெற்றது பாதி நீதி. மற்றப் பாதியைப் பெறுவது நம் தலைமுறைக்கு விடப்பட்ட கடமை.